எட்டரை சதவீதம்

டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் 1921-இல் ஸ்காட்டிஷ் ரைட் மருத்துவமனை தொடங்கியபோது, அங்கே தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள். ஃப்ரீமேசன் இயக்கத்தின் ஒரு கிளை நடத்திய மருத்துவமனை அது. வசதியில்லாத குடும்பங்களிடம் பணம் வாங்குவதில்லை. 1955-இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நோய் அடங்கிப்போக, மருத்துவமனையின் கவனம் மற்ற குறைகளின் பக்கம் திரும்பியது. 1960-களின் நடுவில் அதே வாசலில் வேறு வகைப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஓடுவார்கள், ஆடுவார்கள், கேட்ட கதையை அழகாகத் திருப்பிச் சொல்வார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் ஒரு வரி நகராது.

குழந்தை நரம்பியல் மருத்துவரான லூக் வெயிட்ஸ் 1965-இல் இவர்களுக்காக அங்கே ஒரு பிரிவை ஏற்படுத்தினார். மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை. மொழி ஆய்வகம் என்று பெயர். உள்ளே நடந்தது வகுப்பு. அந்த வகுப்பை உருவாக்கியவர் எய்லெட் காக்ஸ் என்ற ஆசிரியை. அரசுப் பள்ளியில் கிடைக்காத எழுத்தறிவைத் தேடி ஒரு பிள்ளை மருத்துவமனைக்கு வரவேண்டியிருந்தது. டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு டெக்சாஸ் அரசு செய்த உதவிகளின் வரலாறு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1968-இல் உலக நரம்பியல் கூட்டமைப்பின் ஆய்வுக் குழு ஒன்று டாலஸில் கூடி டிஸ்லெக்சியாவுக்கு ஒரு வரையறை வகுத்தது. வழக்கமான முறையில் சொல்லிக்கொடுத்தும், போதிய அறிவுத்திறன் இருந்தும், சமூக, பண்பாட்டு வாய்ப்புகள் இருந்தும் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்பது தடுமாறினால் அது டிஸ்லெக்சியா. பெரும்பாலும் உடலமைப்பிலேயே வேர்கொண்ட அறிதிறன் குறைகளால் வருவது என்றது அந்த வரையறை. பதினேழு ஆண்டுகள் கழித்து டெக்சாஸ் சட்டமன்றம் சட்டம் இயற்றியபோது ஏறக்குறைய இதையே எடுத்துத் தன் சட்டப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. நரம்பியல் மருத்துவர்கள் கூடிப் பேசியது ஒரு மாநிலத்தின் கல்விச் சட்டமாக மாறியது அபூர்வமான காரியம். ஆனால் அந்த வரையறைக்குள்ளேயே ஒரு பள்ளமும் இருந்தது. வாய்ப்புகள் இருந்தும் வாசிக்க வராதவருக்கே அந்தப் பெயர் என்றால், வாய்ப்பே இல்லாத வீட்டுப் பிள்ளையை எங்கே வைப்பது? அப்பா எண்ணெய்க் கிணற்றில் கூலி வேலை, வீட்டில் ஒரு புத்தகமும் கிடையாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால் அந்தப் பிள்ளையின் தடுமாற்றத்துக்கு வறுமையைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிட வழி இருந்தது.

டாலஸுக்கு இந்த அறிவு வந்துசேர்ந்த பாதை நீளமானது. இங்கிலாந்தின் கடற்கரை ஊரான சீஃபோர்டில் மருத்துவம் பார்த்த பிரிங்கிள் மார்கன், 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். சூட்டிகையான பையன், விளையாட்டில் கெட்டிக்காரன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனை மிஞ்ச ஆள் இருக்காது என்று அவனுடைய ஆசிரியரே கருதினார். ஆனாலும் சின்னச் சின்னச் சொற்களைத் தவிர அவனால் எதையும் வாசிக்க முடியவில்லை. கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பார்வையில் குறை இல்லை, சொல்லில் மட்டும் குருட்டுத்தன்மை என்று அக்கால மருத்துவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டி இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் சாமுவேல் ஆர்ட்டன். அயோவா மாநிலத்தில் மனநல மருத்துவராக இருந்த அவர், 1925-இல் ஊர் ஊராகச் செல்லும் ஒரு நடமாடும் மருத்துவக் குழுவை கிரீன் மாவட்டத்துக்கு அனுப்பிப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பரிசோதித்தார். மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அறிவில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் என்பதைக் கண்டார். அவரோடு சேர்ந்து உழைத்த உளவியலாளரும் ஆசிரியையுமான அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற மற்றோர் ஆசிரியையோடு 1930-களில் ஒரு பயிற்றுமுறையை உருவாக்கினார். கில்லிங்ஹாமிடம் பயின்ற சாலி சைல்ட்ஸ் அதை டாலஸுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து பெற்றதை எய்லெட் காக்ஸ் விரித்தெடுத்து முழுப் பாடத்திட்டம் ஆக்கினார். ஒரு மருத்துவர், அவருக்குப் பின்னால் வரிசையாக ஆசிரியைகள். இந்தத் துறையின் வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. வகுப்பறையில் வேலை செய்யும் முறையைக் கட்டியெழுப்பியவர்கள் அந்த ஆசிரியைகள்.

அந்த வகுப்பில் என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டுகள். சாதாரண வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்த ஊகம் கைகொடுக்காது. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதிலேயே அதற்குச் சிக்கல். ஆகவே ஒவ்வோர் ஒலியையும் ஒவ்வோர் எழுத்தையும் ஒழுங்கான வரிசையில், எதையும் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல் கற்றுத்தர வேண்டும். பிள்ளை எழுத்தைப் பார்க்கும், பெயரைச் சொல்லும், ஒலியைச் சொல்லும், முழுக்கையையும் வீசிக் காற்றில் எழுதும், பிறகு தாளில் எழுதும். அச்செழுத்துகளை மேசையில் அகரவரிசைப்படி வளைவாக அடுக்கும். அட்டைகளைப் புரட்டி நேற்றுப் படித்ததை இன்றும் சொல்லும். தினமும் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, ஐந்தாறு பேருக்கு மேற்படாத குழுவில், இரண்டு ஆண்டு. நெல் நாற்றை ஒவ்வொன்றாக எடுத்து நடுவதுபோன்ற வேலை, அவசரப்பட்டால் வேர்பிடிக்காது. கைதேர்ந்த ஆசிரியரும் நேரமும் இதற்கு வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். பின்னால் வந்த எல்லாச் சண்டைகளுக்கும் மூலம் இந்தக் கணக்குத்தான்.

மருத்துவமனை தன்னால் முடிந்ததைச் செய்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத தொலைதூர ஊர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களை வீடியோ நாடாவில் பதிவுசெய்து அனுப்பியது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் கொண்ட மாநிலம் அது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி வாரியம், தனி வரி, தனி வரவுசெலவு. டாலஸின் ஒரு கட்டடத்திலிருந்து எத்தனை ஊருக்குக் கை நீட்ட முடியும்?

வாஷிங்டன் அதற்குள் விழித்துக்கொண்டிருந்தது. 1963-இல் சிகாகோவில் கூடிய பெற்றோர் மாநாட்டில் சாமுவேல் கிர்க் என்ற கல்வியாளர் 'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரை முன்வைத்தார்; பெற்றோர் அதைப் பற்றிக்கொண்டு சங்கம் அமைத்தார்கள். 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், ஊனமுற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான இலவசக் கல்வியை அரசுப் பள்ளி தந்தாக வேண்டும் என்றது. நாட்டில் இத்தகைய பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல், அவர்களில் பாதிப்பேருக்கு மேல் உரிய கல்வி பெறவில்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கே வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே காங்கிரஸ் பதிவுசெய்தது. கற்றல் குறைபாடுகளின் பட்டியலில் டிஸ்லெக்சியா பெயரோடு இடம்பெற்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் எழுதப்பட வேண்டும், பெற்றோர் அந்த மேசையில் உட்கார வேண்டும், முடிவு பிடிக்காவிட்டால் முறையிடலாம். கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தாங்கும் என்ற உறுதியும் இருந்தது. அந்த 40 சதவீதத்தை வாஷிங்டன் ஒரு முறைகூட எட்டவில்லை.

1977-இல் வந்த விதிகள் இன்னொரு முட்டுக்கட்டையைப் போட்டன. பிள்ளையின் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால்தான் கற்றல் குறைபாடு உண்டு என்று கொள்ளப்பட்டது. முதல் வகுப்பில் இந்த இடைவெளி தெரியாது. மூன்றாம் நான்காம் வகுப்புக்குள் பிள்ளை போதுமான அளவு பின்தங்கிய பிறகுதான் தெரியும். தோற்கும்வரை காத்திருக்கச் சொன்ன ஏற்பாடு இது. அதற்குள் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி முடிவு கட்டியிருக்கும்.

இந்தப் பின்னணியில்தான் டெக்சாஸின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அருமை புரியும். அதற்கு முந்தைய ஆண்டு, ஆளுநர் மார்க் வைட் காலத்தில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி மாநிலக் கல்வியே தலைகீழாகத் திருத்தப்பட்டது. தொடக்க வகுப்புகளில் 22 பேருக்கு மேல் கூடாது, தேறாதவர் கால்பந்து ஆடக் கூடாது என்ற விதிகளெல்லாம் அப்போது வந்தவை. கால்பந்தையே உயிராக நினைக்கும் மாநிலத்தில் அது பெரும் புயலைக் கிளப்பியது. அந்தச் சூட்டோடு சூடாக, பெற்றோரும் ஸ்காட்டிஷ் ரைட் மருத்துவர்களும் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரிய காலத்தில் டிஸ்லெக்சியா பரிசோதனை செய்ய வேண்டும், இருப்பது தெரிந்தால் அதற்கான பயிற்சியைப் பள்ளி மாவட்டமே தர வேண்டும் என்று சட்டம் ஆயிற்று. அமெரிக்காவில் இந்த வகையில் முன்னோடிச் சட்டம் அது. 1986-இல் மாநிலக் கல்வி வாரியம் நடைமுறைக் கையேட்டை ஏற்றது. அதன் பிறகு பல முறை திருத்தப்பட்ட அந்தக் கையேடுதான் இன்றுவரை டெக்சாஸ் ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் புரட்டிப் பார்க்கும் நூல்.

சட்டத்தில் ஒன்று மட்டும் இல்லை. பணம். பரிசோதி, பயிற்சி கொடு என்று கட்டளையிட்ட சட்டமன்றம், டிஸ்லெக்சியா மாணவருக்கென்று தனி ஒதுக்கீடு செய்ய மேலும் 34 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

டெக்சாஸ் ஏற்படுத்திய வழி மத்திய அரசின் வழியிலிருந்து விலகித் தனியாக ஓடியது. பிள்ளையைச் சிறப்புக் கல்விக்குள் கொண்டுபோகாமல் பொதுக் கல்வியிலேயே வைத்துக்கொண்டு, 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின் கீழ் பயிற்சியும் சலுகைகளும் கொடுப்பது என்பதே அந்த வழி. இதில் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. மதிப்பெண் இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டாம். நீண்ட பரிசோதனை வேண்டாம். ஊனம் என்ற முத்திரைக்கு அஞ்சிய பெற்றோருக்கும் இது ஆறுதல். பள்ளிப் பேச்சில் '504 பிள்ளை' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். தேர்வில் கூடுதல் நேரம், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, ஒலிப் புத்தகம் என்று சலுகைகள் கிடைத்தன. மூன்றாம் வகுப்பு மாநிலத் தேர்வில் தேறினால்தான் அடுத்த வகுப்பு என்ற விதி 2003-இல் நடைமுறைக்கு வந்தபின், டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கென்று ஒரு தொகுப்புச் சலுகை உருவானது. வாசிப்புத் தேர்வை இரண்டு நாளாகப் பிரித்து எழுத முடிந்தது. பத்தியில் வரும் ஆள்பெயர் ஊர்ப்பெயர்களை ஆசிரியர் முன்கூட்டியே வாசித்துக் காட்டினார். கேள்விகளையும் விடைத் தெரிவுகளையும் வாசித்துச் சொன்னார். பத்தியைப் பிள்ளை தானே வாசிக்க வேண்டியிருந்தது. குறையை உள்ளபடி புரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு என்று அதன் ஒவ்வொரு கூறும் சொல்லும்.

ஆனால் 504-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கப் பிறந்தது. அதோடு ஒரு டாலர்கூட வருவதில்லை. சிறப்புக் கல்விச் சட்டம் தரும் முழுமையான பரிசோதனை, எழுத்துப்பூர்வமான தனித்திட்டம், ஆண்டுதோறும் முன்னேற்றக் கணக்கு, பெற்றோரின் முறையீட்டு உரிமைகள் ஆகியவை இங்கே அதே பலத்தோடு கிடையா. பயிற்சி சரியாக நடக்கிறதா என்று கேட்க நினைத்த தாய்க்குப் பிடித்துக்கொள்ள உறுதியான காகிதம் இல்லை. வசதியுள்ள குடும்பம் வெளியே உளவியலாளரிடம் காசு கொடுத்துப் பரிசோதித்து அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். தனிப் பயிற்றுநரையும் அமர்த்தும். 2009-இல் டிஸ்லெக்சியா பயிற்றுநர்களுக்கு மாநிலம் உரிமம் வழங்கும் சட்டமும் வந்தது. 200 மணி நேர வகுப்பும் 700 மணி நேரக் களப் பயிற்சியும் முடித்தவரே முழு உரிமம் பெற்ற சிகிச்சையாளர். தரம் உயர்ந்தது, நல்லதுதான். அப்படிப்பட்டவரின் கட்டணத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு அரசுப் பள்ளியை விட்டால் கதி இல்லை. டெக்சாஸ் அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் ஹிஸ்பானியப் பிள்ளைகள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர். வாசிக்கத் தடுமாறினால் மொழி தெரியாததால் என்று சொல்லி ஓரிரு ஆண்டு தள்ளிப்போடுவது எளிது. ஸ்பானிய மொழியில் எழுத்தும் ஒலியும் நெருக்கமாக ஒட்டிச் செல்வதால், டிஸ்லெக்சியா இருந்தும் பிள்ளை பிழையில்லாமல் வாசிக்கும், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். பிழையை மட்டுமே எண்ணுகிற ஆசிரியர் கண்ணுக்கு அந்தப் பிள்ளை அகப்படாது.

பெண் பிள்ளைகள் இன்னொரு வகையில் தப்பிப்போனார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 1983-இல் 445 பிள்ளைகளைத் தேர்ந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த சாலி ஷேவிட்ஸ் குழு, 1990-இல் ஒரு முடிவை வெளியிட்டது. பள்ளிகள் அடையாளம் காட்டியதில் ஆண்களே மிகுதி. ஆய்வாளர்கள் எல்லாரையும் பரிசோதித்துப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வகுப்பில் சத்தம் போடுகிறவனைப் பள்ளி கவனித்தது. வாய் திறக்காமல் பின்பெஞ்சில் இருந்தவளைக் கவனிக்கவில்லை.

2004-இல் டெக்சாஸ் கல்வி முகமை தன் கண்காணிப்பு முறையில் ஓர் எண்ணைச் சேர்த்தது. மாவட்டங்கள் பல அளவுகோல்களில் தரம் பிரிக்கப்பட்டன. சிறப்புக் கல்வி மாணவர் பங்கு 8.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் நல்ல தரம். மீறினால் தரம் இறங்கும். மிகவும் மீறினால் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும், அதிகாரிகள் வருவார்கள். சட்டமன்றத்தில் இது விவாதிக்கப்படவில்லை. பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவும் இல்லை. அப்போது நாட்டின் சராசரி ஏறத்தாழ 13, டெக்சாஸ் 11.6-இல் இருந்தது. எட்டரை என்ற எண்ணுக்கு மருத்துவத்திலும் ஆதாரம் இல்லை, கல்வி ஆய்விலும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலம் பெரும் வரவுசெலவுப் பற்றாக்குறையில் சிக்கிக் கல்விச் செலவை வெட்டியிருந்தது.

பத்தாண்டில் மாநிலத்தின் சராசரி 8.5-க்கே வந்து நின்றது. அமெரிக்காவிலேயே அதுதான் மிகக் குறைந்த பங்கு. 2016 செப்டம்பரில் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழில் பிரையன் ரோசென்தால் எழுதத் தொடங்கிய தொடர் கட்டுரைகள்தாம் இதை வெளியே கொண்டுவந்தன. பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் உரிய உதவி இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். மன இறுக்கம் உள்ளவர்கள், காது கேளாதவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். டிஸ்லெக்சியா பிள்ளைகளின் நிலையில் மட்டும் ஒரு தனிச் சிக்கல். அவர்களுக்கென்று வேறொரு பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்ததால், சிறப்புக் கல்வி கேட்டு வந்த பெற்றோரை அந்தப் பாதையைக் காட்டியே திருப்பி அனுப்ப முடிந்தது. உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா திட்டம் இருக்கிறதே, முதலில் அதைப் பார்ப்போம். 504 இருக்கிறதே, அது போதாதா? 1985-இல் பிள்ளைகளை விரைவாக உள்ளே அழைக்கத் திறந்த வாசல், இருபது ஆண்டுகளில் அவர்களை வெளியே அனுப்பும் வாசலாகிவிட்டது. சட்டத்தை எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. பணமும் உரிமையும் இணைக்கப்படாத உதவி, நெருக்கடி வந்ததும் இப்படித்தான் வளைக்கப்படும் என்பதை அவர்கள் அப்போது முன்கூட்டிப் பார்க்கவில்லை.

மத்தியக் கல்வித் துறை 2016 டிசம்பரில் டெக்சாஸின் பல ஊர்களில் பெற்றோரை அழைத்து நேரில் கேட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 12 மாவட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிக் கோப்புகளைப் புரட்டியது. 2018 ஜனவரி 11 அன்று அதன் முடிவு வெளியானது: டெக்சாஸ் மத்தியச் சட்டத்தை மீறியிருக்கிறது, ஊனமுற்ற பிள்ளைகளைத் தேடிக் கண்டறிய வேண்டிய கடமையிலிருந்து தவறியிருக்கிறது. படிப்படியான கூடுதல் பயிற்சி, 504 ஏற்பாடு, மாநில டிஸ்லெக்சியா திட்டம் ஆகியவற்றைக் காட்டிச் சிறப்புக் கல்விப் பரிசோதனையைத் தாமதப்படுத்தியதும் மறுத்ததும் அந்த அறிக்கையில் வெளிப்படையாக இடம்பெற்றன. அதே ஆண்டு நவம்பரில், 2012-இல் சிறப்புக் கல்விச் செலவைக் குறைத்ததற்காக 3.33 கோடி டாலர் மத்திய நிதியை டெக்சாஸ் இழந்தது சரிதான் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சட்டமன்றம் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. 2017-இலேயே, செனட் உறுப்பினர் ஹோசே ரொட்ரிகெஸ் கொண்டுவந்த சட்டம் சிறப்புக் கல்வியில் எண்ணிக்கை வரம்பு வைப்பதைத் தடைசெய்தது. இரு அவைகளிலும் எதிர்ப்பு இல்லை. மழலை வகுப்பின் முடிவிலும் முதல் வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா முன்னறி சோதனை நடத்தியாக வேண்டும் என்று அதே ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. 'உரிய காலத்தில்' என்று 1985-இல் பொதுவாக விட்டுவைத்த இடத்துக்கு இப்போது வகுப்பும் பருவமும் குறிக்கப்பட்டன. இது சிறிய திருத்தமாகத் தெரியலாம். ஆனால் பெற்றோர் கேட்டால்தான் பரிசோதனை என்ற நிலை மாறி, கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் அது தானாக வந்துசேர்ந்தது இதனால்தான். இந்த வரலாற்றில் ஏழைப் பிள்ளைக்கு நேரடியாகப் பயன்பட்ட அடி எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

2019-இல் பணம் வந்தது. மாநிலம் ஒரு மாணவருக்குப் பள்ளி மாவட்டத்துக்குத் தரும் அடிப்படைத் தொகை 6,160 டாலராக உயர்த்தப்பட்டு, டிஸ்லெக்சியா பயிற்சியோ சலுகையோ பெறும் ஒவ்வொருவருக்கும் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 616 டாலர், கூடுதலாக ஒதுக்கப்பட்டது. தினமும் ஒரு மணி நேரம், சிறு குழு, இரண்டு ஆண்டு என்ற கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது போதாது. ஆனாலும் பணம் வந்ததும் மாவட்டங்கள் பிள்ளைகளை எண்ணத் தொடங்கின. அதே சட்டம் மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒலி அடிப்படையிலான வாசிப்புப் பாடத்தைக் கட்டாயமாக்கி, அந்த வகுப்பு ஆசிரியர்கள் வாசிப்பு அறிவியலில் பயிற்சி முடிக்க வேண்டும் என்றது. ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் தடுமாறும் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்தவற்றில் ஒரு பகுதி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, எல்லாப் பிள்ளைகளின் பாடமாயிற்று.

தனிப்பாதையா, சிறப்புக் கல்வியா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லாமல் இருந்தது. 2021-இல் கல்வி வாரியம் கையேட்டைத் திருத்தி, டிஸ்லெக்சியா சந்தேகம் எழுந்தால் சிறப்புக் கல்விச் சட்டப்படி முழுப் பரிசோதனை என்றது. அது கையேட்டோடு நின்றுவிடக் கூடாது என்று பெற்றோர் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 2023-இல் இயற்றப்பட்ட சட்டம், டிஸ்லெக்சியா என்பது மத்தியச் சட்டம் சொல்லும் கற்றல் குறைபாடுதான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தது. பரிசோதிக்கும் குழுவில் டிஸ்லெக்சியாவில் தேர்ந்த ஒருவர் இருந்தாக வேண்டும். பெற்றோருக்கு அவர்களுடைய உரிமைகளை எழுத்தில் தர வேண்டும். டெக்சாஸ் 38 ஆண்டுகளாகத் தனியே நடத்திவந்த பாதை மத்தியச் சட்டத்தின் பாதையோடு இணைந்தது.

இணைந்ததும் மாவட்டங்கள் திணறின. 2016-இல் 8.5-ஐ ஒட்டி இருந்த சிறப்புக் கல்விப் பங்கு 2022-23-இல் 12 சதவீதத்தைத் தாண்டியது. மாணவர் எண்ணிக்கை ஏழு லட்சத்தை எட்டியது. முன்பு 504-இல் இருந்த பிள்ளைகளுக்கும் முழுப் பரிசோதனை கோரும் உரிமை உண்டு. பரிசோதனை செய்யும் தகுதிபெற்ற வல்லுநர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. சட்டப்படி, பெற்றோரின் ஒப்புதல் கிடைத்த 45 பள்ளி நாட்களுக்குள் பரிசோதனை அறிக்கை தயாராக வேண்டும். வல்லுநரே இல்லாத சிற்றூர் மாவட்டங்கள் பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்கின்றன.

2025-இல் நிறைவேறிய பெரிய கல்வி நிதிச் சட்டம் இந்த நெருக்கடியை ஓரளவு ஏற்றுக்கொண்டது. சிறப்புக் கல்விக்கான முதல் பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்துக்கு 1,000 டாலர். அதுவரை பிள்ளை எந்த வகை வகுப்பில் உட்காருகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்பட்ட சிறப்புக் கல்வி நிதி, 2026-27 கல்வியாண்டிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படும். தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி பெறும் டிஸ்லெக்சியா பிள்ளையை அந்தப் புதிய அளவுகோலில் எந்தப் படியில் வைப்பார்கள் என்பதைத்தான் டெக்சாஸின் பெற்றோர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் இப்போது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.